சந்தோஷமா இருக்கற வீட்டுல புதுசா ஒரு ஆசைய எப்படிச் சொல்றது?

கேள்வி – சித்தூர்த் தாலூக்காப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதறது இதுதான் மொதத் தடவை. நாங்க கேரளாவுல பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை பக்கம், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா பொள்ளாச்சி, இந்தப் பக்கம் வந்தா சித்தூர். வீட்டுக்குள்ள எல்லாம் தமிழ்தான், ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம். வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. மாமனார் மாமியார் கூடத்தான் இருக்கோம், நாலு மாடு, கொஞ்சம் தென்னை. பொண்ணு அஞ்சாவது, தமிழ் மீடியம்.

எனக்கு 34 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல பி.ஏ. தமிழ் முடிச்சேன், அதோட சர்டிபிகேட் பீரோவுக்குள்ள போயிருச்சு. இப்ப குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல, அதாவது எங்க ஊர் மகளிர் குழுவுல, என்னைய செக்ரட்டரி ஆக்கினாங்க, மினிட்ஸ் எழுதறது, பஞ்சாயத்துல இருந்து வர்ற மலையாளக் காகிதத்த பெரியம்மாங்களுக்கு தமிழ்ல படிச்சு சொல்றதுன்னு ஆரம்பிச்சு, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் புள்ளைங்க நாலஞ்சு பேரு திண்ணையில வந்து உக்காந்து பாடம் கேக்கறாங்க. அவங்களுக்கு சொல்லிக் குடுக்கறப்ப எனக்கு வர்ற சந்தோஷம் வேற எதுலயும் வரல. பி.எட். படிக்கணும், டீச்சர் ஆகணும்னு மனசுல விழுந்துருச்சு.

எங்க வீட்டுல கொடுமை ஒண்ணுமே இல்லீங்க, அதுதான் எனக்குச் சிக்கலே. சாயங்காலம் சொசைட்டியில பால் ஊத்திட்டு வந்தா அத்தை டீ போட்டு வெச்சிருப்பாங்க, மாமா பேத்திய பக்கத்துல உக்கார வெச்சுட்டு மூலத்தறை தடுப்பணையில இருந்து வாய்க்கால்ல தண்ணி வந்த கதை, கொங்கன்படை திருவிழா கதையெல்லாம் சொல்லுவாரு, எல்லாரும் சிரிச்சுட்டு இருப்போம். இதுல நான் போயி ரெண்டு வருஷம் படிக்கப் போறேன்னு சொன்னா, இந்தச் சந்தோஷம் இவளுக்குப் போதலையான்னு நெனச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு. அத்தைக்கு முழங்கால் வலி வேற, காலையில கறக்கறது நாந்தான். இன்னொண்ணும் இருக்கு, ஒரு பொண்ணு போதும்னு நானும் அவரும் பேசி முடிவு பண்ணியாச்சு, அதையும் வீட்டுல சொல்லல, சொந்தக்காரங்க வர்றப்பெல்லாம் அடுத்தது எப்பன்னு கேக்கறாங்க, நான் சிரிச்சுட்டு உள்ள போயிருவேன்.

எப்படிங்க ஆரம்பிக்கறது? யாருகிட்ட மொதல்ல சொல்றது?

பதில் – வண்டிப்பெரியாறு அக்கா

தங்கச்சி, நான் எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவ, எஸ்டேட் லைன் வீடான லயத்துலயே பொறந்து லயத்துலயே வாக்கப்பட்டவ. 2010 பஞ்சாயத்து எலெக்‌ஷன்லதான் பொம்பளைங்களுக்கு பாதி சீட்டுன்னு வந்துச்சு, எங்க வார்டும் வனிதா வார்டு ஆச்சு, நீ நில்லுன்னு நாலு பேரு வந்து கேட்டாங்க. எனக்கு ஆசைதான், ஆனா வாயத் தொறக்கல. ராத்திரி எல்லாரும் சாப்பிட உக்காந்தப்ப, மாமனார், வீட்டுக்காரர், ரெண்டு பயலுக எல்லாரும் இருக்கயில, எனக்கு நிக்கணும்னு ஆசையா இருக்குன்னு ஒரே வாக்கியமா சொல்லிட்டேன். நிக்கட்டுமான்னு கேக்கல, நீங்க விடமாட்டீங்கன்னு குத்தமும் சொல்லல. எங்க மாமனார் அதிகம் பேசாத மனுசன், மறுநாள் அவருதான் மொத ஆளா பேரு குடுக்கக் கூட்டிட்டுப் போனாரு. ஜெயிக்கல. ஆனா ஓட்டு கேட்டு அலைஞ்ச அந்த நாள்ல எங்க வீட்டுக்காரர் குழம்பு வைக்கக் கத்துக்கிட்டாரு, இன்னைக்கு வரைக்கும் ஞாயித்துக்கிழமை அடுப்படி அவருதுதான், பேரப்புள்ளைங்க தாத்தா கறிக்குழம்புன்னு கேட்டு வாங்கி சாப்பிடுதுங்க. நான் வெளிய காலெடுத்து வெச்சதால எங்க வீட்டுல சந்தோஷம் கொறையல, கூடத்தான் செஞ்சுச்சு, அதத்தான் உனக்குச் சொல்லணும்னு இவ்வளவு எழுதறேன்.

அதனால ஒவ்வொருத்தரா தனியா போய் காதுல சொல்லாத, அப்படிச் சொன்னா அவளுக்கு மொதல்லயே தெரியும் எனக்கு மட்டும் தெரியாதுன்னு ஒரு மனத்தாங்கல் வரும். எல்லாரும் இருக்கயில சொல்லு. ஆனா ஒரு புள்ள போதும்ங்கறத நீ சொல்லக்கூடாது, அவங்க பெத்த புள்ளைதான் அவங்க அம்மாகிட்ட சொல்லணும். அத நீ சொன்னா மருமக முடிவாயிரும், அவரு சொன்னாத்தான் ரெண்டு பேரு முடிவா நிக்கும்.

பதில் – நகரி தறி

அம்மா, கூடப் பொறந்தவனா நெனச்சு சொல்றேன். நாங்க ஆந்திரா நகரி பக்கம், வீட்டுலயே விசைத்தறி. மேல அக்கா சொன்னது நல்ல வார்த்தை, ஆனா ஆசைய மட்டும் சொன்னா போதாது, வேலைய எண்ணி வெக்கணும். என் வீட்டம்மா டுவாக்ரா மகளிர் குரூப்ல லோன் எடுத்து தையல் யூனிட் வெக்கறேன்னு சொன்னப்போ எங்க அம்மா தலையாட்டிட்டாங்க, எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா தறிக்கு நூல் சுத்தறது யாரு, பசங்கள பஸ் ஏத்தறது யாருன்னு யாரும் பேசல. எல்லாம் அவங்க தலையிலேயே நின்னுச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு நூல் சுத்திக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் உக்காந்து பேசித்தான் ஒரு தறிய நிறுத்தினோம், வருமானம் கொஞ்சம் கொறைஞ்சுது, ஆனா வீட்டுல முகம் தெளிஞ்சுது.

நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். சாயங்கால டீயும் கதையும் நல்லா இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி விடிகாலையில நாலு மாட்டுக்கும் நீங்கதானே எழுந்திரிக்கறீங்க? அந்தக் காலை வேலைக்கு ஒரு வழி சொல்லாம காலேஜ் சேராதீங்க. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் இல்லாத வாரம் அவரு கறக்கலாம், தெரியலைன்னா கத்துக்கட்டும். நாலு மாடு ரெண்டாகலாம். பாசமா இருக்கற வீடுங்கறதாலயே இத வெளிப்படையா கேக்கணும்.

பதில் – தேவிகுளம் டீச்சர்

மத்தவங்க மனசு விஷயம் சொல்லிட்டாங்க, நான் பரீட்சை விஷயம் சொல்றேன், ஏன்னா தைரியம் பாதி இதுலதான் வரும், என்ன படிக்கணும் எங்க போகணும்னு தெரிஞ்சா வீட்டுல பேசறப்ப குரல் நடுங்காது.

பி.எட். இப்ப ரெண்டு வருஷம். உங்களுக்கு டிகிரி தமிழ்ங்கறதால பி.எட். முடிச்சா ஹைஸ்கூல் தமிழ் போஸ்டுக்குப் போகலாம், அதுக்கு கேரளாவோட டீச்சர் தகுதித் தேர்வு கே-டெட்ல கேட்டகரி 3 எழுதணும், 150க்கு 90 வாங்கணும், ஓபிசின்னா 82 போதும். சின்ன புள்ளைங்களுக்குத்தான் சொல்லித்தரணும்னா பி.எட். செல்லாது, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே பிரைமரிக்கு பி.எட். தகுதி இல்லைன்னு சொல்லிருச்சு, அதுக்கு டி.எல்.எட்.ங்கற பிரைமரி டீச்சர் டிப்ளமா படிக்கணும். திண்ணையில உக்கார்ற புள்ளைங்க என்ன கிளாஸ்னு நீங்க எழுதல, உங்க மனசு எந்த வயசுப் புள்ளைங்க பக்கம் இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. இத யாரும் சொல்றதில்ல, எல்லாரும் பி.எட். பி.எட்.ன்னே ஓடறாங்க.

வயசு பத்திப் பயப்படாதீங்க ஆனா தள்ளியும் போடாதீங்க. கவர்மென்ட் வேலைக்கு ஆள் எடுக்கற கேரளா பிஎஸ்சியில (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) டீச்சர் போஸ்டுக்கு பொதுவா 40 வரைக்கும், ஓபிசின்னா 43, எஸ்சி எஸ்டின்னா 45. அவங்களோட துளசி சைட்டுல இன்னைக்கே ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டு வெச்சுக்கோங்க, காசு இல்ல. தமிழும் மலையாளமும் தெரிஞ்சவங்களுக்குன்னு தனியா கிளார்க் போஸ்டும் வரும், அதுக்கும் கண்ணு வெச்சுக்கோங்க. 1956ல ஸ்டேட் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் உங்க சித்தூரும் கேரளாவுல நின்னுச்சு, நம்ம புள்ளைங்க தமிழ்ல படிக்க டீச்சர் வேணும், ஆபீஸ்ல தமிழ் காகிதம் படிக்க ஆள் வேணும். அந்த வேலைக்கு இங்கயே பொறந்து வளந்த உங்கள மாதிரி ஆளுங்க வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

பொள்ளாச்சியில படிக்கறதா இருந்தா, வெளி ஸ்டேட் சர்டிபிகேட்டுக்கு இங்க ஈக்விவலன்சி, அதாவது இங்கத்த படிப்புக்குச் சமம்னு ஒரு சான்று, கேப்பாங்க, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

பதில் – மீனாட்சிபுரம் பால்காரம்மா

எல்லாரும் படி படின்னு சொல்றாங்க, நல்லதுதான் கண்ணு. ஆனா மாடு வளக்கறது ஏதோ கீழ்ப்பட்ட வேலைன்னு உம்மனசுல ஒரு ஓரத்துல இருந்தா அத எடுத்துரு. நான் பன்னெண்டாவது முடிச்சுட்டு வேலைக்குப் போகாம மாட்டுக்கொட்டாய நானாத்தான் எடுத்துக்கிட்டேன், பால்ல கொழுப்பு (ஃபேட்) எவ்வளவு, கொழுப்பு போக மத்த சத்து (எஸ்என்எஃப்) எவ்வளவுன்னு பாத்து தீவனம் மாத்தி மாத்திப் போட்டு அதுலயே புள்ளைங்கள காலேஜ் அனுப்பினேன், எனக்கு இது பெருமைதான். உனக்கு மனசு திண்ணையில இருக்கற புள்ளைங்ககிட்டன்னா அங்க போ. மாட்டுக்குப் பயந்து போகாத, மாட்ட விட்டுட்டுப் போறமேன்னு அழவும் வேண்டாம்.

மறுபடியும் – சித்தூர்த் தாலூக்காப் பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பேசிட்டேன். அக்கா சொன்ன மாதிரி எல்லாரும் இருக்கறப்பவே சொன்னேன், டீச்சர் சொன்னத ஒரு பேப்பர்ல எழுதிக் கையில வெச்சிருந்தேன், அது இல்லைன்னா பாதியில நிறுத்தியிருப்பேன். மாமா ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. அத்தைதான் கேட்டாங்க, இத்தன வருஷம் ஏன் சொல்லல, நான் என்ன அன்னியமான்னு. அதுக்கு என்கிட்ட பதிலே இல்லீங்க. அவங்களும் டீச்சர் டிரெயினிங் போக ஆசைப்பட்டு எஸ்எஸ்எல்சியோட நின்னவங்களாம், கல்யாணமாகி வந்த இத்தன வருஷத்துல எனக்கு இது தெரியாது, பேசப் பேச ரெண்டு பேரும் அழுதுட்டோம், என் பொண்ணு பயந்து போயி எங்க ரெண்டு பேரையும் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

ஒரு புள்ள போதும்ங்கறத அவரு தனியா சொன்னாரு. அத்தைக்கு அது ஒப்பல, இன்னும் ஒப்பல. அதுக்கு நாள் ஆகும்னு தெரியுது, நாங்க முடிவ மாத்தல.

நகரி அண்ணா சொன்னதுல ரெண்டு மாட்ட நாத்தனார் வீட்டுக்குக் குடுக்கறதா பேச்சு நடக்குது. வீட்டுக்காரர் கறக்கப் பழகறாரு, இன்னும் மாடு அவர அடையாளம் கண்டுக்கல, ஆனா விடாம உக்காரறாரு, அதப் பாக்கறப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு.

டீச்சர், திண்ணைக்கு வர்ற புள்ளைங்க ஏழாவது எட்டாவது, ஒண்ணு மட்டும் மூணாவது. அப்ப நான் பி.எட்.க்கே போகலாமுங்களா? அந்த ஈக்விவலன்சிக்கு பி.ஏ. சர்டிபிகேட்டும் சேத்துக் குடுக்கணுமா, பி.எட். மட்டும் போதுமா?