பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே நம் சமையல்: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து பத்து நாள் ஆகிறது, ரொட்டியும் பாஸ்தாவும் தின்று நாக்கு செத்துவிட்டது, இந்தியக் கடைக்குப் போக நாற்பது நிமிடம் ரயில், வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் நமக்கு ஏதாவது தேறுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

தேறும் தம்பி. நிறையவே தேறும். ஆனால் கடையில் ஆசிய உணவு என்று ஒதுக்கிய அலமாரியில் தேடாதீர்கள். அங்கே இருப்பது கண்ணாடிப் புட்டியில் கறி சாஸும் இனிப்பு மாங்காய்ச் சட்னியும்தான். நமக்கு வேண்டியவை ஜெர்மன்காரர்களின் அன்றாடப் பொருட்களாக, அவர்கள் வைத்த பெயரில், வேறு வரிசைகளில் இருக்கின்றன. பெயர் தெரிந்தால் போதும்.

ரவையிலிருந்து தொடங்குகிறேன். மாவு வரிசையில் 'க்ரீஸ்' என்று இருக்கும். அதில் இரண்டு வகை. 'வைஷ்வைட்சன்' என்று போட்டிருப்பது மென்கோதுமை ரவை. குழந்தைகளுக்குப் பாலில் கஞ்சி காய்ச்சுவதற்கு. உப்புமா கிண்டினால் களியாகிவிடும். 'ஹார்ட்வைட்சன்' என்று இருப்பதை எடுங்கள். வறுத்துக் கிண்டினால் பொலபொலவென்று வரும்.

நெய்க்கு 'பூட்டர்ஷ்மால்ட்ஸ்'. வெண்ணெயை உருக்கித் தெளிவெடுத்ததுதான், எல்லாக் கடையிலும் உண்டு. நம் நெய்போல் கசடு சிவக்கக் காய்ச்சுவதில்லை என்பதால் மணம் குறைவு. மணம் வேண்டுமென்றால் 250 கிராம் வெண்ணெய் இரண்டு பொட்டலம் வாங்கி வீட்டிலேயே உருக்கிக்கொள்ளுங்கள். இதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். 'பூட்டர்' இல்லாமல் வெறும் 'ஷ்மால்ட்ஸ்' என்றிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. டப்பாவும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களும் இஸ்லாமிய நண்பர்களும் முழுப் பெயரையும் படித்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

அடுத்தது சீரகம். 'க்யூமல்' என்றால் சீரகம் என்று நினைத்து நான் முதல் வாரமே வாங்கி ரசம் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. பார்வைக்குச் சீரகம்தான், ஆனால் அது முட்டைக்கோசுக்கும் ரொட்டிக்கும் போடும் வேறு விதை. நம்முடையது 'க்ராய்ட்ஸ்க்யூமல்'. கடுகு, இங்கே ஊறுகாய் போடுவதற்காக மஞ்சள் நிறத்தில், பெரிய மணியாகக் கிடைக்கும். வெடிக்கும், ஆனால் நம் கருங்கடுகின் வாசம் வராது. மஞ்சள்தூள் 'குர்க்குமா', வெந்தயம் 'பாக்ஸ்ஹார்ன்க்ளே'. வெந்தயத்தைத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

பருப்பு விஷயத்தில் மனதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு கிடைக்காது. மைசூர்ப் பருப்பு 'ரோட்டே லின்சன்' என்ற பெயரில் டிஎம் என்ற, சோப்பும் ஷாம்பூவும் விற்கும் கடையில்கூட இருக்கிறது. கால் மணி நேரத்தில் குழைந்துவிடும், குக்கர் இல்லாத முதல் மாதத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. சாம்பாருக்குத் துவரையின் கனம் வேண்டுமென்றால் 'ஷேல்எர்ப்சன்' என்ற மஞ்சள் உடைத்த பட்டாணியை இரவே ஊறவைத்துச் சேர்த்து வேகவையுங்கள். உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை மூன்றுக்கும் மட்டும் நம் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மாதம் ஒரு தடவை போய் உளுந்தும் பெருங்காயமும் வாங்கிவையுங்கள். கறிவேப்பிலையைக் கூடுதலாக வாங்கி, ஈரம் போகத் துடைத்து, உருவி, ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

தேங்காய்த் துருவல் கேக் செய்யும் பொருட்களின் நடுவே, 'கோக்கோஸ்ராஸ்பெல்' என்று இருக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அரைத்தால் சட்னி. நல்லெண்ணெய்க்கு ஆசிய அலமாரியில் இருக்கும் கறுத்த எள்ளெண்ணெயை வாங்காதீர்கள். அது எள்ளை வறுத்து எடுத்தது, இரண்டு சொட்டுக்கே குழம்பைத் தூக்கி விழுங்கிவிடும். இயற்கைப் பொருள் கடைகளில் வறுக்காத எள்ளெண்ணெய் வெளிர்நிறமாக இருக்கும். அது நம்முடையதற்கு அருகில் வரும்.

ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளில் ஆசிய வாரம் என்று அவ்வப்போது வரும். அந்த வாரம் இருந்தது அடுத்த வாரம் இருக்காது. தேங்காய்ப்பால் மாதிரி கெடாததை அப்போதே எடுத்துவையுங்கள்.

இனி துருக்கிக் கடை. இது ஜெர்மனியில் நமக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வந்தவர்களில் பலர் இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக வந்த கடைகள்தான் இன்று நமக்கும் சோறு போடுகின்றன. வெண்டைக்காய், பிஞ்சுக் கத்தரிக்காய், பச்சைமிளகாய், கட்டுக்கட்டாகப் புதினா, வாளியில் கெட்டித் தயிர், எல்லாம் அங்கே உண்டு. 'அய்ரான்' என்பது உப்புப் போட்ட மோர். இஞ்சி தட்டிப் போட்டால் நம் வீட்டு மோர். கொத்தமல்லியை மட்டும் ஓர் இலை கிள்ளி முகர்ந்து பார்த்து எடுங்கள். பக்கத்திலேயே அதே சாயலில் பார்ஸ்லி கட்டு இருக்கும்.

ஒரு நாட்டுச் சூப்பர் மார்க்கெட்டில் என்ன இருக்கும் என்பதை அந்த நாட்டுக்கு யார் வந்து குடியேறினார்கள், அந்த நாடு யாரை ஆண்டது என்பதுதான் முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்த ஊரிலும் தடுமாற மாட்டீர்கள். இங்கிலாந்தில் பெரிய டெஸ்கோவிலும் ஆஸ்டாவிலும் துவரம்பருப்பே உலக உணவு வரிசையில் நிற்கிறது. தெற்காசியர் அதிகம் வாழும் பகுதியென்றால் மூட்டை அரிசியும் இருக்கும்.

நெதர்லாந்து போகிறவர்கள் கேட்டிருந்தீர்கள். அங்கே, அவர்கள் முன்பு ஆண்ட இந்தோனேசியாவின் 'சம்பால்' மிளகாய் விழுதும் 'கெச்சாப்' சோயா சாஸும் டச்சுக்காரர்களின் வீட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. நமக்கு அதைவிட முக்கியம், தென் அமெரிக்காவில் அவர்கள் ஆண்ட சுரினாம். 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக சுரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் பெருந்தொகையாக நெதர்லாந்தில் வாழ்கிறார்கள். அதனால் நீளக் காராமணி 'கௌசன்பாண்ட்' என்றும், பாகற்காய் 'சோப்ரோப்போ' என்றும் தி ஹேக் சந்தையில் குவிந்து கிடக்கும்.

பிரான்ஸில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சாப்பாடு. கொண்டைக்கடலை, நயம் ரவை, 'லெபன்' என்ற புளித்த மோர் எல்லாம் சாதாரணக் கடையிலேயே உண்டு. பாரிஸில் இருப்பவர்களுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதி இருக்கிறது, நான் சொல்லவேண்டியதே இல்லை.

ஜப்பான் தலைகீழ். பருப்பு வகை மிகக் குறைவு, காய்கறி நம் ஊர்போல. ஒசாகாவில் இருக்கும் என் அக்கா மகள் சொல்லித்தான் தெரியும்: வெண்டைக்காய் கோடையில் எல்லாக் கடையிலும் 'ஒகுரா' என்று கிடைக்கும், பாகற்காய் 'கோயா', முள்ளங்கி 'டைகோன்'. சைவர்கள் கவனம்: காய்கறி சூப்பில்கூட மீன்சாறு இருக்கலாம். இலங்கைத் தமிழருக்கு அதே விஷயம் நல்ல செய்தி. அவர்கள் சீவிப்போடும் 'கட்சுவோபுஷி', நம் மாசிக் கருவாட்டைப் போலவே சூரை மீனைக் காயவைத்துச் செய்வது. சம்பலுக்குப் போட்டுப் பாருங்கள்.

அம்மா பெட்டி கட்டும்போது சொல்லிவிடுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். கருவாடு 20 கிலோ வரை வரலாம். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், கனி, இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியான், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. தோட்டத்துக் கறிவேப்பிலையை அம்மா ஆசையாக மடித்து வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியா இதைவிடக் கடுமை. பெட்டியில் என்ன உணவு இருந்தாலும் அங்கே இறங்கும்போது தரும் பயணி அட்டையில் எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

இட்லி அரிசிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் பிறகு கேட்டிருக்கிறீர்கள். 'பார்பாயில்ட்' என்று போட்ட நீள அரிசி எந்தக் கடையிலும் உண்டு, அது புழுங்கலரிசிதான். நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து. மாவை, விளக்கு மட்டும் எரியும் 'ஓவன்' அடுப்புக்குள் வையுங்கள், குளிர்காலத்திலும் பொங்கும். பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் 'மில்ஷ்ரைஸ்' என்ற குண்டு அரிசி நன்றாகக் குழையும்.

தம்பி, இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு இங்கே கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை போன்ற சில மட்டும்தான் திறந்திருக்கும். நாளைக் காலையிலேயே போய் ரோட்டே லின்சன், குர்க்குமா, க்ராய்ட்ஸ்க்யூமல், பூட்டர்ஷ்மால்ட்ஸ், அரிசி வாங்குங்கள். வரும் வழியில் துருக்கிக் கடையில் கொத்தமல்லியும் தக்காளியும். மத்தியானம் சோறும் பருப்பும் நெய்யும் சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.