விடிய விடியப் பதிவு செய்த கூத்து, போனை விட்டு இறங்க மறுக்கிறது

செஞ்சிக்காரன்:
எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் நடந்த கர்ண மோட்சம் கூத்தை ஆண்ட்ராய்டு போனில் பதிவு செய்திருக்கிறேன். இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை ஒரே ஃபைல், 400 எம்பிக்கு மேல். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் பண்ணும் இடத்தை மட்டும் வெட்டிக் கூத்து வாத்தியாருக்குக் கொடுக்க வேண்டும். கேபிள் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் போன் தெரியவே இல்லை. வாட்ஸாப்பில் எனக்கே அனுப்பிக்கொண்டால் போதுமா?

நெட்டிசன்_வேலூர்:
எதற்கு இத்தனை பாடு? கூகுள் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இறக்குங்கள்.

மைக்செட் மாமா:
வைஃபை இருக்கிறவருக்கு டிரைவ் சரி. ஊரில் மொபைல் டேட்டாவை நம்பி ஏற்றினால் பாதியில் நிற்கும். வாட்ஸாப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை போகும், ஆனால் ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை என்று டேட்டா இரட்டிப்பாகத் தின்னும். கேபிள்தான் நல்லது தம்பி.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது, கரண்ட் மட்டும்தான் போகும். போனோடு பெட்டியில் வந்தது இருந்தால் அதையே செருகுங்கள். அப்புறம் போனின் லாக்கைத் திறந்து, மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்தால் 'யுஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். லாக் போட்டபடியே செருகினால் கம்ப்யூட்டரில் போன் பெயர் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. பாதிப் பேர் இங்கேதான் போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுகிறார்கள்.

பதிவு எங்கே இருக்கும் என்றால், புதிய சாம்சங்கில் ரெக்கார்டிங்ஸ் ஃபோல்டருக்குள் வாய்ஸ் ரெக்கார்டர் ஃபோல்டரில். ஷாவ்மி என்றால் எம்ஐயுஐ ஃபோல்டருக்குள் சவுண்ட் ரெக்கார்டர். கட் பண்ணாதீர்கள், காப்பி மட்டும். கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் போய்விடும். காப்பி முடிந்ததும் இரண்டு ஃபைலின் அளவும் ஒன்றுதானா என்று பார்த்து, கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிக் கேளுங்கள். அதுவரை போனில் இருப்பதைத் தொடக் கூடாது. ஒரு ராத்திரிக் கூத்தை மறுபடி ஆடச் சொல்ல முடியுமா?

குரல்பதிவு_மதுரை:
குறுக்கிடுகிறேன், ஐபோனில் இந்த வழி வராதா?

மைக்செட் மாமா:
வாய்ஸ் மெமோஸ் பதிவு கேபிளில் போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் தெரியாது. ஆப்பில் ஷேர் தொட்டு 'ஃபைல்ஸில் சேமி' கொடுத்து ஐகிளவுடில் போடுங்கள். மேக் வைத்திருந்தால் ஏர்டிராப் போதும்.

செஞ்சிக்காரன்:
கேபிள்தான் மாமா! தம்பியின் கேபிளைப் போட்டதும் வந்துவிட்டது. எம்4ஏ (m4a) வகை ஆடியோ ஃபைல். ஒலி வெட்டும் ஆடாசிட்டி சாஃப்ட்வேர் அதைத் திறக்க மாட்டேன் என்கிறது.

மைக்செட் மாமா:
விண்டோஸில் ஆடாசிட்டிக்கு எம்4ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற துணை சாஃப்ட்வேரைத் தனியாகப் போட வேண்டும். போட்டாலும் இவ்வளவு நீளமான பதிவு பல ஜிபியாக விரியும், டிஸ்கில் இடம் பாருங்கள். வெட்ட மட்டும்தான் என்றால் லாஸ்லெஸ்கட் (LosslessCut) என்ற சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், மறுபடி என்கோட் பண்ணாமல் வெட்டும், ஒலி அப்படியே இருக்கும். பொன்னுருவி எந்த நேரத்தில் வருகிறாள் என்று விஎல்சி பிளேயரில் ஓட்டிக் குறித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முகவீணைக் குழலின் எடுப்பு அறுந்துபோனால் வாத்தியார் உங்களைத்தான் திட்டுவார்.