பூச்சி தின்ற இலைப்பரப்பு: இமேஜ்ஜேவில் சேதம் 0% என்றே வருகிறது, அவசரம்

வயல்வெளி24:
பூச்சி தின்ற இலைச் சேதத்தை இமேஜ்ஜேவில் (படத்திலிருந்து பரப்பை அளக்கும் மென்பொருள்) அளக்கிறேன். த்ரெஷோல்ட் போட்டு (இலையைப் பின்னணியிலிருந்து பிரித்து) அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் (பரப்பைக் கணக்கிடும் கட்டளை) கொடுக்கிறேன். ஃபில் ஹோல்ஸ் (ஓட்டையை நிரப்பும் கட்டளை) போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பரப்புதான் வருகிறது. கழித்தால் எல்லா இலைக்கும் 0%. ஓட்டை கண்ணுக்கே தெரிகிறது! வெள்ளிக்கிழமை கைடிடம் அட்டவணை காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

செம்மண்:
எந்தப் பயிர், எந்தப் பூச்சி? ஸ்கேனரா போனா? இலைக்கு அடியில் என்ன வைத்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் என்னவென்று சொல்வது?

பிக்சல்பாண்டி:
போனில்தான் எடுத்திருப்பார், நிழல்தான் காரணம். சுருண்ட இலைக்கு அடியில் விழும் நிழலையும் மென்பொருள் இலையாகவே எடுத்துக்கொள்ளும், சின்ன ஓட்டையெல்லாம் நிழலிலேயே அடைபட்டுப் போகும். மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, பிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

பழையபூச்சியியல்:
மாதத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறார்கள். 1997 முதல் இருக்கிற இலவச மென்பொருள், கையேடும் இலவசம். அதைத் திறந்து பார்க்கக்கூட இந்தக் காலத்து மாணவர்களுக்குப் பொறுமை இல்லை. முடியாவிட்டால் கிராஃப் தாளில் இலையை வரைந்து கட்டத்தை எண்ணுங்கள் தம்பி. நாங்கள் ஆய்வேடு எழுதியது அப்படித்தான்.

வயல்வெளி24:
கத்தரி. எபிலாக்னா (இலை தின்னும் வண்டு). ஸ்கேனர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வெள்ளைத் தாள்.

இலைக்கணக்கு:
ஸ்கேனர் என்றால் நிழலை விடுங்கள். அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் பெட்டியில் ‘இன்க்ளூட் ஹோல்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓட்டையையும் சேர்த்துத்தான் பரப்பு சொல்லும், அதனால்தான் முன்னும் பின்னும் ஒரே எண். ஒருமுறை டிக்கோடு ஓட்டுங்கள், ஒருமுறை இல்லாமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டையின் பரப்பு, அதை டிக்கோடு வந்த எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஆனால் ஓரத்திலிருந்து தின்றது இதில் வராது, இலையே அந்த வடிவம்தான் என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். விடுபட்ட விளிம்பை நீங்களே கோடு போட்டு மூடிவிட்டு ஓட்ட வேண்டும். அப்புறம் பிக்சலைச் செ.மீ. ஆக்கும் செட் ஸ்கேலில் 300 டிபிஐக்கு 1 செ.மீ. = 118.11 பிக்சல். ‘குளோபல்’ டிக் செய்யாவிட்டால் அடுத்த படத்துக்கு அந்த அளவு போகாது.

செம்மண்:
எபிலாக்னாவா! அப்படியானால் ஓட்டை பாதிக் கதைதான். புழுவும் சரி, வண்டும் சரி, பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். நரம்பும் மறுபக்கத் தோலும் ஏணிப்படி மாதிரி அப்படியே நிற்கும், பிறகு காய்ந்து பழுப்பாகும். படத்தை 8-பிட் சாம்பலாக மாற்றினால் அந்தப் பழுப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தியில் வந்து, சுரண்டிய இடம் முழுக்க நல்ல இலையாகிவிடும். வண்ணப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு கலர் த்ரெஷோல்டில் ஹியூ (நிறச் சாயல்) பட்டையை நகர்த்திப் பச்சையை மட்டும் பிடியுங்கள். வெள்ளைக்குப் பதில் நீலத் தாள் வைத்தால் இன்னும் தெளிவு: முழு ஓட்டையில் நீலம் தெரியும், சுரண்டியது வெளிறித் தெரியும்.

பழையபூச்சியியல்:
இவ்வளவு பாடு எதற்கு? கண்ணால் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டால் போதும்.

இலைக்கணக்கு:
வயலுக்குப் போதும் ஐயா. ஆய்வகத்தில், உதாரணமாக 5% வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த இலையையும் தெளிக்காத இலையையும் ஒப்பிடும்போது போதாது. கண் சின்னச் சேதத்தைப் பெரிதாக்கிச் சொல்லும், இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். 1945-ல் தாவர நோயியலாளர்கள் ஹார்ஸ்ஃபாலும் பாரட்டும் இலை நோயின் அளவைக் கண்ணால் மதிப்பிட 12 படி வகுத்ததே கண்ணின் இந்தக் குணத்தை மனதில் வைத்துத்தான்.

பழையபூச்சியியல்:
அப்படியானால் சுரண்டிய இடத்துக்குள் பச்சையாக நிற்கும் நரம்பை எதில் சேர்ப்பீர்கள்? மென்பொருள் அதை நல்ல இலை என்கும். என் கண் அந்த இடம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லும். எது சரி?

செம்மண்:
நல்ல கேள்வி. பூச்சி வயிற்றுக்குள் போனது எவ்வளவு என்றால் நரம்பைக் கழிக்க வேண்டும். செடி இழந்தது எவ்வளவு என்றால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு முழுவதையும் சேர்க்க வேண்டும். எதை எடுத்தாலும் எல்லா இலைக்கும் அதையே எடுங்கள், ஆய்வேட்டிலும் எழுதுங்கள்.

பிக்சல்பாண்டி:
போனிலேயே முடிக்க ஆண்ட்ராய்டில் பயோலீஃப், ஐபோனில் லீஃப்பைட் இருக்கின்றன. ஓரத்தை வரைந்து மூட இரண்டிலும் வழி உண்டு.

வயல்வெளி24:
டிக் எடுத்ததும் எண் வந்துவிட்டது, நன்றி. நீலத் தாள் நாளை. பறித்து ஒரு நாள் கழித்து ஸ்கேன் செய்தால் பரவாயில்லையா?

செம்மண்:
வேண்டாம். வாடினால் இலை சுருங்கும், ஓரம் மடங்கும், பரப்பு மாறிவிடும். ஈரத் துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் போட்டு அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்கள் பறித்த அன்றே எடுத்தவையா?