'தி ஃபைனல் கட்': ஒரே போர்க்கதையாகக் கேட்க உதவி வேண்டும்

மக்களே, பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் 'தி ஃபைனல் கட்' (1983) ஆல்பத்தை ஒரே போர்க்கதையாக நாகர்கோவிலில் உட்கார்ந்து கேட்டுப் பேசப்போகிறோம். ஓரிடத்தில் முடிவெடுக்க முடியவில்லை.

கதையைத் தாங்குவது இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வாத்தியார். 'ஒன் ஆஃப் தி ஃபியூ'வில் இனிப் பிழைப்புக்கு என்ன வழி என்று யோசிக்கிறார். 'தி ஹீரோஸ் ரிட்டர்ன்' பாட்டில், விமானத்தின் இன்டர்காமில் கேட்ட கன்னரின் (விமானத்தில் துப்பாக்கி இயக்கும் வீரர்) கடைசிப் பேச்சு அவரை விடமாட்டேன் என்கிறது. அடுத்த பாட்டே அந்தக் கன்னரின் கனவு. மூன்றும் ஒரே மூச்சு. 2004 மறுவெளியீட்டிலோ முதல் இரண்டுக்கும் நடுவே 'வென் தி டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ' வருகிறது: 1944, இத்தாலியின் ஆன்சியோ, ஆல்பத்தின் பாட்டுகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் அப்பா இறந்த களம். உலுக்கி எடுக்கிற பாட்டுதான், ஆனால் வாத்தியாரின் கதை அங்கே அறுந்துபோகிறது. அந்தப் பாட்டை ஆரம்பத்துக்கே தள்ளலாமா, விட்டுவிடலாமா? காரணத்தோடு சொல்லுங்கள்.

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் யாரிடமாவது 12 பாட்டுள்ள பழைய எல்பி (வினைல் இசைத்தட்டு) இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள். 'பாரனாய்டு ஐஸ்' முடிந்து தட்டைத் திருப்பிப் போட்டால், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் 1982-ல் மோதிய பாக்லாந்து போர்க்காலம் தனியாகத் தெரியும். போனில் கேட்பவர்கள் ஷஃபிள், கிராஸ்ஃபேட், வால்யூம் நார்மலைசேஷன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு வரிசை கலைந்துவிடும், ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு கலந்துவிடும், மெல்லிய பாட்டும் உரத்த பாட்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டமாகிவிடலாம்.