இல்லாமற்போன நாடுகள்: பிள்ளைக்கு எதை முதலில் சொல்வது?

மாங்குளத்தான்:
மருமகன் தரம் 8. வாசிகசாலையில் பழைய தேசப்படப் புத்தகம் ஒன்றில் யூகோஸ்லாவியாவைப் பார்த்துவிட்டு, அதை இப்போதைய படத்தில் காணவில்லையே என்கிறான். இப்படி இல்லாமற்போன நாடுகளையெல்லாம் சொல்லித்தரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. எதில் தொடங்கலாம்?

பந்துக்காரன்:
பெடியன் உதைபந்து அடிப்பவன் என்றால் யூகோஸ்லாவியாவிலேயே தொடங்குங்கள் அண்ணை. 1992 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அந்த அணி தகுதி பெற்றிருந்தது. நாட்டுக்குள் போர், ஐநா தடை. போட்டி தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது வெளியே போட்டார்கள். பதிலுக்கு வந்த டென்மார்க் கிண்ணத்தையே தூக்கியது! அப்புறம் 1974 உலகக் கிண்ணம். கிழக்கு ஜேர்மனி மேற்கு ஜேர்மனியை 1-0 என்று வென்றது. ஏன் இரண்டு ஜேர்மனி என்று அவனே கேட்பான்.

கற்சிலைமடு:
ஐரோப்பாவுக்கு ஏன் ஓடுகிறீர்கள்? ஒட்டுசுட்டான் பக்கம் கூட்டிவாருங்கள். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடித்தார். ஒக்ரோபர் 31 கற்சிலைமடுவில் தோற்றார். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போனது, கண்டி 1815இல். வன்னியும் இல்லாமற்போன நாடுதான்.

குளக்கட்டு:
வன்னியை நாடு என்றால் பிள்ளை குழம்பும். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை என்று வன்னிமைகள், அதாவது வன்னியத் தலைவர்கள் ஆண்ட சிறு பகுதிகள், பல. ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கட்டியவர்கள். 1933 மொன்டிவிடியோ உடன்படிக்கைப்படி நாட்டுக்கு நிலையான மக்கள், எல்லை, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் தகுதி, நான்கும் வேண்டும். திறை கட்டுபவனுக்கு நான்காவது எங்கே?

கற்சிலைமடு:
1803க்கு 1933 அளவுகோலா? நல்ல கணக்கு. அந்தத் திறையையும் பாக்கி வைத்து ஒல்லாந்தரை அலைக்கழித்தவர்கள்தான் பனங்காமத்து வன்னியர்கள்.

கிளிநொச்சி அக்கா:
சரி, நீங்கள் இருவரும் சண்டையைத் தொடருங்கள். தம்பி, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் போரா? செக்கோஸ்லோவாக்கியாவைச் சொல்லுங்கள். 1993 ஜனவரி 1, சண்டையில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. இப்படியும் பிரியலாம் என்று முதலில் தெரியட்டும்.

பந்துக்காரன்:
அக்கா, 2009க்குப் பிறகு பிறந்தாலும் இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் கதைப்பதைக் கேட்டுத்தானே வளர்கிறார்கள். போரை யாரிடமிருந்து ஒளிக்கிறோம்? செக்கோஸ்லோவாக்கியாவைச் சொன்னால், பொதுசன வாக்கெடுப்பு வைக்காமல் தலைவர்களே பேசி முடித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

கிளிநொச்சி அக்கா:
சொல்லுங்கள், வேண்டாம் என்றேனா? வரிசையைத்தான் சொன்னேன். பதினைந்தாக உடைந்த சோவியத் ஒன்றியத்தை ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) முடிந்த பிறகு படிக்கட்டும், பட்டியலைக் கண்டாலே ஓடிவிடுவான்.

மாங்குளத்தான்:
யூகோஸ்லாவியாவில் ஆறு குடியரசுகள் என்றேன். அவன் புதுப் படத்தில் ஏழு எண்ணிவிட்டான். கொசோவோ 2008இல் தனிநாடு என்று அறிவித்தது. பல நாடுகள் ஏற்றன, இலங்கை ஏற்கவில்லை. அப்போது விடை ஆறா, ஏழா என்று நிற்கிறான்.

குளக்கட்டு:
குடியரசுகள் ஆறுதான், கொசோவோ சேர்பியாவுக்குள் ஒரு மாகாணம். அதை நாடு என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. யார் ஏற்றார், யார் மறுத்தார், ஏன் என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அது மேல்.

கற்சிலைமடு:
கொசோவோவுக்கு மட்டும் ‘யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது’. பனங்காமத்துக்கு ஒரேயடியாக இல்லை!

குளக்கட்டு:
பனங்காமத்துக்கும் இரண்டு பத்தி போடட்டும். யானைக் கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்.