தெரபி ஆரம்பிக்க எந்த மாசம் நல்லது? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மாம்பலத்துக்காரி:
ஆடியில ஆரம்பிச்சவ நான். "ஆவணி பொறக்கட்டும்மா, ஆடியில புதுசா எதுவும் வேணாம்"னாங்க மாமியார். தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போறேன்னுதான் அவங்களுக்குத் தெரியும். பேனிக் அட்டாக் பஞ்சாங்கம் பார்த்தா வருது? அதை விடுங்க.

கிளினிக் மாடியில. கீழ அம்மன் கோயில்ல அன்னிக்குக் கூழ் ஊத்துறாங்க, ஜன்னலுக்கு நேரா கூம்பு ஸ்பீக்கர். மேடம் பேசுறது எனக்குக் கேக்கல, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல. ஜன்னலைச் சாத்தினா கண்ணாடி அதிருது. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். அப்புறம் அவங்க நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, "அப்பா குடிச்சிட்டு வந்தா நீங்க எங்க இருப்பீங்க?"ன்னு எழுதி என் பக்கம் தள்ளினாங்க. "பாத்ரூம்ல, குழாயைத் திறந்து விட்டுட்டு"ன்னு எழுதினேன். வாயால சொல்லச் சொல்லியிருந்தா சத்தியமா வந்திருக்காது. சத்தமே இல்லாத தை மாசத்துல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். அதனால மாசமெல்லாம் பார்க்காதீங்க, போயிடுங்க.

கரிசல்காட்டான்:
மேல சொன்னதை ஒத்துக்க முடியல. மாசம் பாக்கணும். ஆடி ஆவணி கணக்குல இல்ல, அடுத்து எப்ப ஊருக்குப் போறோம்னு பாக்கணும்.

போனஸ் வந்த கையோட தீபாவளிக்கு முந்தி ஆரம்பிச்சேன். பெரியப்பா பத்தி அந்த வாரந்தான் மொத மொதல்ல வாயத் திறந்தேன். பெல்ட்டு, மாட்டுக்கொட்டகை, எல்லாம். "அடுத்த வாரம் லீவு, அதுக்கடுத்த வாரம் பாப்போம்"னாரு கவுன்சிலர். நானும் தலையாட்டிட்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறிட்டேன்.

தீபாவளி அன்னிக்கு விடியக்காலம் எல்லாருக்கும் எண்ணெய் வைக்கிறது யாரு? அவருதான், வீட்டுக்குப் பெரியவரு. "குனிடா"ன்னாரு. மணைப்பலகையில குத்தவச்சிருக்கேன், அந்தக் கை உச்சந்தலையில தேய்க்குது. பெத்த புள்ளைக்கு வைக்கிற மாதிரி அம்புட்டு பதமா. அழுதுட்டேன். சீயக்காய் கண்ணுல பட்டுருச்சுன்னு சித்தி செம்புல தண்ணி கொண்டாந்தாங்க. அதுக்கப்புறம் பத்து நாள் பேச ஆளில்ல. பொங்கலோ தீபாவளியோ, கதவைத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போயிராதீங்க.

ஸ்கார்பரோ அக்கா:
இங்க கனடாவில மாசம் எண்டதே வேற கணக்கு. நவம்பர் தொடக்கத்தில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பாங்கள், பின்னேரம் அஞ்சுக்கே இருட்டு. எனக்குப் படுக்கையால எழும்பேலாது. "இது சீசனல் டிப்ரெஷன், செப்டெம்பரிலயே வந்திருக்கவேணும்" எண்டா குடும்ப டொக்டர். 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தாற லைட் பெட்டி வாங்கி, காலமை அரை மணித்தியாலம் அதுக்கு முன்னால இருக்கச் சொன்னா. (பைபோலார், அதாவது மனம் ஒருக்கா ஆகத் துள்ளி ஒருக்கா ஆகச் சோர்ற வருத்தம் உள்ள ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் இதைத் தொடாதேங்கோ, மேனியா எண்ட அந்தத் துள்ளல் கிளம்பலாம்.) வெளிச்சம் உதவினதுதான், பொய் சொல்லேல்லை.

ஆனா ஒரு படிவம் தந்தவை. எந்த மாதம் மனநிலை ஆக மோசம் எண்டு கேள்வி. நவம்பருக்கு நேர கோடு போட்டன். அடுத்த கேள்வி பசி, அதுக்கடுத்தது நித்திரை. 27ஆம் திகதி என்ன நாள் எண்டு எழுத அதில இடமில்லை. என்ர தம்பி 2009இல போனவன். டொக்டரின்ர கணக்கில எனக்கு வெளிச்சம் காணாது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
என் மகனைப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு சமயத்தில் அழைத்துப் போனோம். மருத்துவமனை வாசலில் காரைவிட்டு இறங்க மறுத்து, இயற்பியல் ரெக்கார்டு நோட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் என் கதை.

சில விஷயங்கள் சொல்கிறேன். சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) மாதிரியான சிகிச்சைக்கு வாரம் ஒன்று வீதம் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். மார்ச்சில் பரீட்சை என்றால் ஜூன், ஜூலையில் தொடங்குங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும்; தேர்வுக்கு முந்தின வாரம் ஆரம்பித்துவிட்டு "குணமாகவில்லையே" என்று நிறுத்தாதீர்கள். போர்டில் கவுன்சிலர் என்று போட்டிருப்பவர் எல்லாம் ஒன்றல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. காசு இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மாசமும் பார்க்க வேண்டாம், பரீட்சையும் பார்க்க வேண்டாம்: 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 வந்தபிறகு காப்பீட்டு நிறுவனம் மனநோய்க்கும் உடல்நோய் மாதிரியே பணம் தர வேண்டும். தைரியமாகக் கேளுங்கள்.

கரிசல்காட்டான்:
ஐயா, கேட்டது அனுபவம். இருந்தாலும் அந்த இன்சூரன்ஸ் விஷயத்தைத் திருத்திருங்க. அட்மிட் ஆனா சரி. ஓபி செலவு சேராத பாலிசின்னா வாராவாரம் போற கவுன்சிலிங் பில்லு வராது. நான் அனுப்புனேன், அப்படியே திருப்பி விட்டாங்க. தம்பி அப்புறம் எறங்குனாப்லயா இல்லியா, அதைச் சொல்லுங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அன்று இறங்கவில்லை. ரிசல்ட் வந்தபிறகு அவனே கேட்டான், "எப்போ போறோம்?" என்று. மதிப்பெண் நன்றாகத்தான் வந்திருந்தது. அப்புறம் ஏன் கேட்டான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மாம்பலத்துக்காரி:
ஸ்கார்பரோ அக்கா, 27ஆம் தேதி பத்தி அந்த டாக்டர்கிட்ட அப்புறமாவது சொன்னீங்களா?

ஸ்கார்பரோ அக்கா:
இல்லை தங்கச்சி. தமிழ் தெரபிஸ்ட் ஒரு ஆளைப் பிடிச்சிருக்கிறன். நவம்பருக்கு முதலே தொடங்குவம் எண்டு அவ சொல்லுறா. இந்த வருச பெனிஃபிட்ஸ் காசு (காப்புறுதியில வாற மருத்துவக் காசு) பல்லு வைத்தியத்துக்குப் போட்டுது, ஜனவரியில புதுசா வரும் மட்டும் பொறு எண்டு மகள் சொல்லுறாள். நான் கைக்காசைப் போட்டு ஒக்டோபருக்குக் கேட்டிருக்கிறன்.