'ஆர்மிஸ்டிஸ்': நாளைக்குள் ஒரு சொல் வேண்டும்

க.வ.: அன்பர்களே, ஒன்பதாம் வகுப்புக்குக் கொரியப் போர் பாடம் எழுதுகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தான ஆர்மிஸ்டிஸுக்கு, அதாவது சண்டையை நிறுத்தப் படைகள் முறையாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு, தமிழில் என்ன சொல்? 'போர்நிறுத்தம்' என்றால் சுடுவதை நிறுத்துவது மட்டுமான சீஸ்ஃபயரோடு குழம்புகிறது. 'அமைதி உடன்படிக்கை' என்றால் பொய். அப்படி ஒன்று இன்றுவரை இல்லை.

சு.அ.: லத்தீனில் ஆயுதம் நிற்பது. சால்ஸ்டிஸ் என்னும் கதிர்த்திருப்ப நாளில் சூரியன் நிற்கிறதே, அந்தச் சொல்லுக்கும் அதே வால். தமிழில் இன்னும் அழகு: அமர் என்றால் போர், அமர்தல் அடங்குதல். 'அமரமர்வு'!

ரே.: புலவர் ஐயா, பிள்ளைகள் யாரோ அமரர் ஆகிவிட்டார் என்று நினைப்பார்கள். 'போரோய்வு' போதும். கொரியர்கள் பேச்சில் சொல்லும் 'ஹியூஜான்' என்பதும் ஓய்வு, போர் இரண்டும் சேர்ந்ததே.

ந.ம., யாழ்ப்பாணம்: ஓய்வெடுத்தவர் எழும்பி வருவார், கவனம். எங்கட பக்கம் 2002இல் வந்தது 'யுத்த நிறுத்தம்'; 2008 ஜனவரியோடு அதுவும் போயிற்று. வியட்நாம் போருக்கான 1973 பாரிஸ் ஒப்பந்தமோ அமைதி என்றே பேசியது. அதைப் பேசி முடித்த வட வியட்நாம்காரர் லே டுக் தோ, அமைதி இன்னும் வரவில்லை என்று நோபலை மறுத்தார். 1975 ஏப்ரல் 30இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகான் விழுந்தது. மேசையில் பேசிப் போர் முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

க.வ.: கொரியாவில் அந்தத் தாள் எழுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறதே! இரண்டு ஆண்டு இழுத்தார்கள். ஊர் திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்பதில்தான் பெரிய முட்டுக்கட்டை. பேச்சு நடக்க நடக்க மேட்டுக்கு மேடு சண்டையும் நடந்தது. இறுதித் தீர்வுக்கென்று 1954இல் ஜெனீவாவில் கூடி, வெறுங்கையோடு கலைந்தார்கள். தென் கொரியாவின் சிங்மான் ரீ அரசு கையெழுத்தே போடவில்லை. அப்புறம் 'உடன்படிக்கை' என்று எப்படி எழுதுவது?

சு.அ.: சோழர்கள் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி பகையில் புலவர் கோவூர்கிழார் சந்து செய்ய, அதாவது இருவரையும் இணக்க, பாடியது புறநானூற்றில் துணைவஞ்சித் துறை. 'சந்து' இருக்க ஏன் அலைகிறீர்கள்?

ரே.: ஐயா, அது வடமொழி 'சந்தி' அல்லவா? தூய்மை பேசும் நீங்களா! தவிர, எங்கள் ஊரில் சந்து என்றால் ஆட்டோ நுழையாத இடம்.

சு.அ.: தமிழ்ச் 'சந்து' வேறு. தனி மடல் அனுப்புகிறேன், நீளம்.

க.வ.: சரி, நேரமில்லை. 'போரோய்வு' போடுகிறேன். கீழே ஒரு வரி: 'சண்டை நின்றது, போரை முடிக்கும் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.'

ந.ம.: அந்த வரி நல்லது. சொல்லுக்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கட்டும்.

சு.அ.: அடுத்த பதிப்பிலாவது அமரமர்வு.